வெட்டுக்கிளி அல்ல, சில்வண்டு!



கொழும்புத்துறையில் வசிக்கும் ஒரு தாய் என்னிடம் ஒரு விளக்கம் கேட்டார். அவருடைய மகள் அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே குடும்பத்துடன் இருக்கிறார். 2024 மே மாதக் கடைசியில் அந்த மகள் தொலைபேசியில் அழுதாராம். "உம்மா, மரம், சுவர் எல்லாம் பூச்சி. இரைச்சலில் காது அடைக்குது. பிள்ளையை முற்றத்தில் விடப் பயமாயிருக்கு. இஞ்ச சில பேர் இதை வெட்டுக்கிளி எண்டு சொல்லீனம்" என்றாராம். தாய்க்கு உடனே ஃபிர்அவ்னின் கூட்டத்தார் மீது வெட்டுக்கிளி அனுப்பப்பட்ட வரலாறு (அல்அஃராஃப் 133) நினைவுக்கு வந்துவிட்டது. "மௌலவி, இது அதாபா?" என்று கேட்டார்.

தாய்மார்களே, அதாப் என்று சொல்லுமுன் அது என்ன பூச்சி என்று அறிந்துகொள்ள வேண்டாமா?

அது வெட்டுக்கிளி அல்ல, சில்வண்டு. அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர் இதன் பெருங்கூட்டத்தைக் கண்டு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தவறான பெயர் இன்றும் வழங்குகிறது. வெட்டுக்கிளி பயிரை மென்று அழிக்கும். சில்வண்டுக்கு மெல்லும் வாயே இல்லை. அது கொட்டுவதும் இல்லை.

அதன் வாழ்க்கையைப் பாருங்கள். தாய்ப்பூச்சி மெல்லிய கிளையைக் கீறி முட்டையிடும். ஆறு முதல் பத்து வாரத்தில் குஞ்சு பொரித்துத் தரையில் விழுந்து மண்ணுக்குள் போய்விடும். அங்கே மரவேரின் நீரை உறிஞ்சி வளரும். சில இனங்களுக்கு 13 ஆண்டு, சிலவற்றுக்கு 17 ஆண்டு! கெடு முடியும் வருடம், இளவேனிலில் மண்ணின் சூடு ஏறக்குறைய 18 பாகையானதும் எல்லாம் ஒன்றாக மேலே வருகின்றன. தோல் உரித்து, பறந்து, முட்டையிட்டு, சில வாரங்களில் இறந்துவிடுகின்றன. ஓர் ஏக்கரில் 15 இலட்சம் வரை கணக்கிட்டிருக்கிறார்கள். பறவைகள் வயிறு நிறையத் தின்றாலும் மிச்சம் இருக்க வேண்டுமே! அதற்காகவே இந்தப் பெருங்கூட்டம்.

2024இல் 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் ஒரே வருடத்தில் வந்தன. இவ்விரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல்.

பக்கத்து நாடான இந்தியாவிலும் இத்தகைய அதிசயம் உண்டு. மேகாலயாவின் ரி போய் மாவட்டத்தில் 'நியாங்தாசேர்' என்னும் சில்வண்டு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளிவருகிறது. 2010, 2014, 2018 என உலகக் கிண்ண உதைபந்தாட்ட வருடங்களிலேயே வருகிறது. அந்த ஊரார் அதைக் கண்டு அஞ்சுவதில்லை, எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

நம் வேம்பில் கத்தும் சில்வண்டும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இனி, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தாய்மார் அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை:

மருந்து அடிக்க வேண்டாம். ஆயிரம் செத்தால் அடுத்த நாள் வேறு ஆயிரம் வரும். மருந்தோ பறவைக்கும் பிள்ளைக்கும் கேடு. இளமரக் கன்றுகளைச் சிறுகண் வலையால் மூடி அடியில் கட்டிவிடுங்கள்; பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். துணிகளை வீட்டுக்குள் உலர்த்துங்கள். செத்தவை நாறும், கூட்டி மரத்தடியில் புதையுங்கள், நல்ல பசளையாகும். இரைச்சல் போடுவது ஆண் பூச்சி. பகலில் கத்தி இரவில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐந்தாறு வாரம் பொறுத்தால் போதும்.

அந்தத் தாய் இதையெல்லாம் மகளுக்குச் சொன்னார். மகள் ஒருநாள் மாலை பிள்ளையின் கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்துச் சென்று, பூச்சி தோல் உரிப்பதைக் காட்டினாராம். பிள்ளை வீட்டுக்குள் வர மறுத்துவிட்டதாம்!

அன்று அந்த முற்றத்தில் இடப்பட்ட முட்டைகளின் பூச்சிகள் 2041இல் வெளிவரும். அப்போது அந்தப் பிள்ளை வாலிபப் பருவத்தில் இருக்கும், இன்ஷா அல்லாஹ். பயத்தை ஊட்டி வளர்த்திருந்தால் அன்றும் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைக்கு எதைக் கொடுக்கப் போகிறோம் என்பது தாயின் கையில் அல்லவா இருக்கிறது?