ஏறி இறங்கும் ஏசி சத்தம்... கடைமடை சொல்லித் தரும் பாடம்!

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். இந்த நாள்களில் வேளாங்கண்ணி லாட்ஜ்களும் ஹால்களும் நிரம்பி வழியும். காலியாகக் கிடந்த ஏசி ஹாலில், ஒரு பஸ் வந்து நின்றதும் ஐம்பது பேர் இருப்பார்கள். வெக்கை கூடும். கடலோர ஊர் என்பதால் புழுக்கம் வேறு.

இதைச் சமாளிக்க, பெரிய ஏசிகளில் காற்றைத் தள்ளும் ஃபேன் மோட்டாருக்கு 'டிரைவ்' பொருத்துகிறார்கள். மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி இது. 50 ஹெர்ட்ஸில் ஓடும் ஃபேனை 40-க்கு இறக்கினால், காற்று 20 சதவிகிதம்தான் குறையும். மின்செலவோ ஏறத்தாழ பாதியாகிவிடும்.

ஆனால், டிரைவ் மாட்டிய பிறகும் சில இடங்களில் ஃபேன் 'ஊ...' என்று ஏறும், அடங்கும், மறுபடி ஏறும். குழந்தைகள் குளிரில் சுருண்டுகொள்வார்கள்; சற்று நேரத்தில் பெரியவர்கள் நோட்டீஸால் விசிறிக்கொள்வார்கள். 'மோட்டார் போச்சு' என்று கழற்றிவிடுவதும் உண்டு. பல நேரங்களில் மோட்டாரில் கோளாறே இருக்காது. டிரைவுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கில்தான் அவசரம் இருக்கும்!

டெல்டாக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். மேட்டூரில் திறந்த தண்ணீர், கல்லணை தாண்டி நாகை மாவட்டக் கடைமடைக்கு வந்து சேர நாள்கள் ஆகும். வயல் காய்கிறதே என்று மேலே ஷட்டரை ஏற்றிக்கொண்டே போனால், பிறகு மொத்தமாக வந்து பயிரை மூழ்கடிக்கும். பதறிப்போய் ஒரேயடியாக இறக்கினால், மறுபடி வயல் காயும். ஃபேன் வேகம் மாறி, ஹால் குளிர்ந்து, அது சென்சாருக்குத் தெரியவும் அப்படி நேரம் பிடிக்கும்.

மூன்று கேள்விகள்

இதற்கான விடை கடலிலிருந்து வந்தது. கப்பலைத் தானாகத் திசைதிருப்பும் வழியை அமெரிக்கக் கடற்படைக்காக ஆராய்ந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி, 1922-ல் அதன் கணக்கை எழுதினார். தேர்ந்த மாலுமி சுக்கானைத் திருப்பும்போது மூன்றைப் பார்க்கிறார். இப்போது எவ்வளவு விலகியிருக்கிறோம்? எவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறோம்? எவ்வளவு வேகமாக விலகுகிறோம்? இந்த மூன்றுக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதைத்தான் டிரைவில் பி, ஐ, டி என மூன்று எண்களாகப் பதிகிறார்கள்.

இவற்றை அமைக்க ஜீக்ளர், நிக்கோல்ஸ் என்ற இருவர் 1942-ல் ஒரு வழி சொன்னார்கள். ஐ, டி இரண்டையும் நிறுத்திவிட்டு, பி-யை மட்டும் மெள்ள ஏற்ற வேண்டும். ஒரே சீராக ஊசலாடத் தொடங்கும் அளவைக் குறித்துக்கொண்டு, அதில் பாதிக்கும் கீழே இறக்கிவிட வேண்டும். பிறகு ஐ-யைச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். ஏசி வேலையில் டி பெரும்பாலும் தேவைப்படாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஹால் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருப்பதுதான் முக்கியம். அதற்குப் பொறுமை இல்லாமல்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

டெக்னீஷியனிடம் கேளுங்கள்

* எண்களில் கை வைக்கும் முன் ஃபில்டரைச் சுத்தம் செய்தாயிற்றா?
* சென்சார் வாசலை ஒட்டியோ, வெயில் படும் சுவரிலோ இருக்கிறதா?
* உப்புக்காற்றில் வயர் முனைகள் அரித்திருக்கின்றனவா?
* மிகக் குறைந்த வேகத்துக்கு வரம்பு வைத்தாயிற்றா? ரொம்ப மெதுவாக ஓடினால் மோட்டாரே சூடாகிவிடும்.
* பழைய எண்களை எழுதி வைத்தாயிற்றா?

ஹால் காலியாக இருக்கும்போது மட்டும் சரிபார்த்தால் போதாது. கூட்டம் இருக்கும்போதும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் ஏசியும் கம்ப்ரஸர் வேகத்தை இப்படித்தான் மாற்றுகிறது. வெயிலில் வந்ததும் 16-ல் வைத்து, நடுங்கியதும் 28-க்கு ஏற்றுவது, நாமே ஷட்டரோடு மல்லுக்கட்டுவது போலத்தான். 2020 முதல் இந்தியாவில் புது ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. அதில் வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். ரிமோட்டுக்கும் ஓய்வு, மின்கட்டணத்துக்கும் நிம்மதி!