மிதக்காத நஞ்சுக்கு ஆர் வழக்குப் போடுறது?

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. கண்ணால் கண்டோம், தெருவில் இறங்கினோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. சரி, கண்ணுக்குத் தெரியாத நஞ்சுக்கு?

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற பீடைநாசினி, அதை நாங்கள் ‘மருந்து’ எண்டுதான் சொல்லுறம். அதுவும் யூரியாவும் செம்மண் தாண்டி, சுண்ணக்கல் வெடிப்புகளால் அதே கிணத்துக்குத்தான் இறங்கும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. பீடைநாசினியையோ மைக்ரோகிராம் கணக்கில் தேடவேணும்.

எண்ணெய்க்குச் செய்த சோதனை பீடைநாசினி பற்றி ஒண்டும் சொல்லாது. “தண்ணி நல்லது” எண்டு ஆரும் சொன்னால், “எதைத் தேடினீங்கள்? எவ்வளவு நுணுக்கமாத் தேடினீங்கள்?” எண்டு கேளுங்கோ. கிணறு எங்கட, சோதனை அறிக்கையும் எங்கட கைக்கு வரவேணும்.