அழுத பிள்ளைக்கு முறுக்கு



என் இளைய மகளுக்கு 9 வயது. தீபாவளிக்குத் தைத்த பாவாடை பொங்கலுக்கே இடுப்பில் ஏறவில்லை. "வளர்ற பிள்ளை, பூசினாப்பல இருந்தாத்தான் அழகு" என்றார் என் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் படுக்கையை உதறும்போது தலையணை உறையிலிருந்து பிஸ்கட் காகிதங்கள் உதிர்ந்தன. திக்கென்றது. ஒளித்துத் தின்ன இந்த வீட்டில் என்ன பஞ்சம்?

யோசித்துப் பார்த்தேன். போன வருஷம் என் மாமனார் காலமானார். அவளைத் தினமும் சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். அவர் போனபின் குழந்தை அழுதபோதெல்லாம் நான் ஒரு முறுக்கு கொடுத்தேன். பாட்டி லட்டு கொடுத்தார். அப்பா சாக்லேட் வாங்கி வந்தார். ஓட்டம் நின்றது, தீனி கூடியது. போதாக்குறைக்கு எல்லோரும் "குண்டு" என்று செல்லமாகக் கூப்பிட்டோம். வெட்கப்பட்டுத்தான் ஒளித்துத் தின்றிருக்கிறாள்!

டாக்டரம்மா உயரம், எடை பார்த்துவிட்டு, "பட்டினி போடாதீங்க. உயரம் வளர்ற வயசு. எடை மேலே ஏறாம பார்த்துக்கிட்டாலே இப்போதைக்குப் போதும்" என்றார். நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16ல் 2.1 சதவீதம், 2019-21ல் 3.4 சதவீதம் என்கிறது தேசிய குடும்பநல ஆய்வு. ஆக, இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல.

எங்கள் வீட்டில் இப்போது உள்ள வழக்கங்கள்:

* என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் இஷ்டம். "தட்டைக் காலி பண்ணு" என்று அதட்டுவதில்லை. வற்புறுத்தி ஊட்டினால், வயிறு நிறைந்தது தெரியாமலே சாப்பிடப் பழகிவிடும்.

* அழுகைக்கும் மார்க்குக்கும் தின்பண்டம் கிடையாது.

* டி.வி., போன் முன்னால் சாப்பாடு இல்லை, அவள் அப்பாவுக்கும் சேர்த்துத்தான்!

* அவளுக்கென்று தனிப் பத்தியம் இல்லை. எல்லோருக்கும் ஒரே சமையல்.

* தினம் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாட்டு. இரவு நேரத்தோடு தூக்கம்.

* "குண்டு" என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது.

மாமியாரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் ஆசையாக் கொடுக்கறது விஷமா?" என்று கண் கலங்கினார். "லட்டு நாள் கிழமைக்குப் பண்ணுங்க அத்தை. மாமா கூட்டிப் போன பார்க்குக்கு இனி நீங்க கூட்டிட்டுப் போங்களேன்" என்றேன்.

முதல்நாள், தாத்தா வழக்கமாக உட்காரும் பெஞ்சைப் பார்த்ததும் பாட்டி மடியில் விழுந்து விம்மி விம்மி அழுதாளாம். பாட்டியும் கூடவே அழுதிருக்கிறார். கையில் எதையும் கொடுக்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாராம்.

ஆறு மாதம் ஆகிறது. எடை பெரிதாக இறங்கவில்லை. ஆனால் ஏறவும் இல்லை. தலையணை உறையை உதறினால் இப்போது பஞ்சுதான் பறக்கிறது. உங்கள் குழந்தை "பசிக்குது" என்று அடிக்கடி வந்து நின்றால், டப்பாவைத் திறக்குமுன் ஒரு நிமிஷம் பக்கத்தில் உட்கார்த்தி, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்களேன்.