டீசல் காரின் ஓசை இனிக்குமா?

"டீசல் காரா? ஐயோ, அந்தச் சத்தம்!" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெட்ரோல் கார் பூனை மாதிரி வரும், டீசல் கார் அரிசி மில் மாதிரி வரும் என்று கேலி பேசுவார்கள்.

இந்தக் கேலியை டீசல் கார் ஓட்டிப் பிழைக்கும் டிரைவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கோபம் வந்துவிடும். "என் வண்டிச் சத்தம் எனக்குப் பாட்டு மாதிரி!" என்பார்.

யார் சொல்வது சரி?

டிரைவர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்லாமல் விடுவதும் கொஞ்சம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் போகின்றன. பிளக்கில் ஒரு தீப்பொறி பறக்கிறது. அந்த இடத்தில் பிடித்த தீ, காய்ந்த ஓலையில் பரவுவதுபோல மற்ற இடங்களுக்குப் பரவுகிறது. இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்தாலும், படிப்படியாகத்தான் நடக்கிறது.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. முதலில் வெறும் காற்று மட்டும் உள்ளே போகிறது. பிஸ்டன் அந்தக் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தால் இது தெரியும். சிலிண்டருக்குள் அந்தச் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அப்போது டீசலை நாசில் வழியாகப் பீய்ச்சுகிறார்கள். டீசல் தானாகவே தீப்பிடிக்கிறது.

ஆனால் பீய்ச்சிய உடனே அது பிடிப்பதில்லை. ஒரு வினாடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவுக்குத் தாமதம் ஆகிறது. அதற்குள் மேலும் டீசல் வந்து சேர்ந்துவிடுகிறது. சேர்ந்ததெல்லாம் ஒரே சமயத்தில் குப்பென்று எரிகிறது. சம்மட்டியால் இரும்பில் ஓங்கி அடித்ததுபோல அந்த அடி என்ஜின் முழுவதும் பரவுகிறது.

'கட கட' என்று கேட்கிறதே, அது இந்த அடிதான்.

நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு அடி. கார் சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஏறக்குறைய 27 அடி விழுகிறது! காலைக் குளிரில் என்ஜின் ஜில்லென்று இருக்கும். டீசல் பற்றிக்கொள்ள இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகும். தாமதம் கூடினால் அடியும் பலமாகும். மார்கழி மாதத்தில் டீசல் வண்டி தெருவையே எழுப்புவதற்கு இதுதான் காரணம்.

டாக்சியில் தொடங்கிய கதை

இந்த என்ஜினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல். ஜெர்மானியர். 1858-ல் பாரிஸ் நகரில் பிறந்தவர். 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் நல்லபடியாக ஓடும் என்ஜினைச் செய்து காட்டினார். அது 10 அடி உயரம்! அதன் சக்தியோ ஏறக்குறைய 20 குதிரைச் சக்திதான். அதைக் காரில் வைப்பது பற்றி அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

ஆனாலும் 1936-ல் பெர்லின் கண்காட்சிக்கு டீசல் கார் வந்துவிட்டது. மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனியின் '260 டி' என்ற கார் அது. சக்தி 45 குதிரை. அதை விரும்பி வாங்கியவர்கள் யார் தெரியுமா? பணக்காரர்கள் அல்ல. டாக்சிக்காரர்கள்! பெட்ரோல் கார் 100 கிலோ மீட்டர் போக 13 லிட்டர் குடித்தால், இது 9 லிட்டரில் போய்விடும். எண்ணெயின் விலையும் குறைவு. அந்த 'கட கட' சத்தம் அவர்கள் காதில் காசு விழும் சத்தமாகத்தான் கேட்டிருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இப்படியே நடந்தது. இந்தியாவில் தயாரான கார்களில் முதன் முதலாக டீசல் என்ஜினோடு வந்தது அம்பாசிடர். 1980-ஐ ஒட்டி அது விற்பனைக்கு வந்தது. 1,489 சி.சி. என்ஜின். சக்தி 40 குதிரை கூடக் கிடையாது. மேடு வந்தால் முனகும். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். பின் சீட்டில் இருப்பவர்கள் பேசவேண்டுமானால் கத்தித்தான் பேசவேண்டும்.

ஆனாலும் வாடகைக் கார்க்காரர்கள் அதைத்தான் தேடி வாங்கினார்கள். பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் அந்தக் காலத்தில் இருந்த வித்தியாசத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். தெரு முனையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே, "அப்பா வந்துவிட்டார்" என்று அடுப்பில் தோசைக்கல்லைப் போட்ட வீடுகள் எத்தனையோ! அந்த வீடுகளில் போய் டீசல் சத்தம் இரைச்சல் என்று சொன்னால் எடுபடுமா?

கிராமத்திலும் அப்படித்தான். மின்சாரம் வராத காலத்தில் கிணற்றடியில் ஆயில் என்ஜின் ஓடும். யார் கிணற்று என்ஜின் ஓடுகிறது என்பதைக் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

காதுதான் கருவி

பழக்கத்தினால் மட்டும் ஓசை இனித்துவிடாது. டிரைவருக்கு அதில் வேறொரு லாபமும் இருக்கிறது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பதுபோல, டிரைவர் நாள் முழுவதும் என்ஜினைக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார். எப்போது கியர் மாற்றவேண்டும், எப்போது மாற்றக்கூடாது என்பதை அவர் முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. காது சொல்லும், கை மாற்றும்.

பழைய மெக்கானிக்குகள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். எந்த சிலிண்டர் முட்டுகிறது என்று தெரியவேண்டுமா? ஓடும் என்ஜினில் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது முட்டல் நிற்கிறதோ, அந்த சிலிண்டரில்தான் குறை. (புதிய கார்களில் இந்த வித்தை கூடவே கூடாது. குழாயில் இருக்கும் அழுத்தத்துக்கு, பீய்ச்சும் டீசல் கையைத் துளைத்துவிடும்!)

ஆகவே டிரைவர் 'இனிமை' என்று சொல்வது, 'வண்டி நலமாக இருக்கிறது' என்பதைத்தான். ஓசை சீராக இருந்தால் அவருக்கு நிம்மதி. மாறினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். செலவு எவ்வளவு ஆகுமோ, எத்தனை நாள் வண்டி படுத்துவிடுமோ!

முதலில் சுள்ளி, பிறகு விறகு

பிழைப்பை விடுங்கள். சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருப்பவர்களுக்கும் டீசல் ஓசை பிடிக்குமா?

பிடிக்கும்படி செய்துவிட்டார்கள். 1997-ல் இத்தாலியில் தயாரான ஆல்பா ரோமியோ 156 என்ற காரில் ஒரு புது ஏற்பாடு வந்தது. 'காமன் ரெயில்' என்று அதற்குப் பெயர். எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பார்கள். எவ்வளவு அழுத்தம்? கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல சுமார் 600 மடங்கு! அந்தக் குழாயிலிருந்து, வேண்டும்போது வேண்டிய அளவு பீய்ச்சலாம்.

அடுப்பு மூட்டுகிற பெண்கள் எடுத்த எடுப்பில் பெரிய கட்டையைத் திணிப்பதில்லை. முதலில் நாலு சுள்ளி. அது பிடித்தபிறகு விறகு. காமன் ரெயில் என்ஜினும் இதையே செய்கிறது. முதலில் ஒரு சொட்டு டீசலைப் பீய்ச்சுகிறது. அது எரிந்து சூடு பரவியபிறகு மீதியை அனுப்புகிறது. பின்னால் வருவது தாமதம் இல்லாமல் பற்றிக்கொள்கிறது. சம்மட்டி அடி, கையால் தட்டுவதுபோல மெத்தென்று ஆகிவிடுகிறது.

நம் ஊரில் இதைப் பலர் முதன் முதலாக உணர்ந்தது 2007-ல், மாருதி ஸ்விப்டில் 1.3 லிட்டர் டீசல் என்ஜின் வந்தபோது. இத்தாலியின் பியட் கம்பெனி உருவாக்கிய என்ஜின் அது. டாட்டா கார்களிலும் அதே என்ஜின் வந்தது. மெதுவாகப் போகும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும். நிமிஷத்துக்கு 2,000 சுற்றை நெருங்கும்போது டர்போ விழித்துக்கொள்ளும். மெல்லிய ஒரு சீழ்க்கை. அதோடு முதுகை சீட்டில் அழுத்தும் ஒரு வேகம். அந்தச் சீழ்க்கைக்காகவே ஆக்சிலேட்டரை மிதித்தவர்கள் உண்டு. மாருதி 2020-ல் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. பழைய ஸ்விப்டை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களைக் கேட்டால், மைலேஜுக்கு அடுத்தபடியாக இந்தச் சீழ்க்கையைச் சொல்வார்கள்.

சிலிண்டர் கூடினால் சுகமும் கூடும். மெர்சிடஸ் 1974-ல் ஐந்து சிலிண்டர் டீசல் காரைக் கொண்டுவந்தது. அதன் குரலே தனி. பி.எம்.டபிள்யூ. 1983-ல் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் டீசலில் அடிகள் ஒன்றோடு ஒன்று கலந்து ரீங்காரமாகிவிடும். ஆறு சிலிண்டர் டீசலை ஓட்டியவர்கள் 'கட கட' என்ற பேச்சையே எடுக்கமாட்டார்கள்.

பந்தயத்தில் ஓர் அதிசயம்

பிரான்சில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரக் கார் பந்தயம் நடக்கிறது. 2006-ல் அதில் ஆடி கம்பெனி டீசல் காரை ஓட்டியது. 12 சிலிண்டர், 5.5 லிட்டர் என்ஜின். 650 குதிரைச் சக்திக்கு மேல். பந்தயக் கார் என்றால் காது கிழியும் என்று எண்ணி வந்தவர்கள் ஏமாந்தார்கள். கார் 'உஸ்' என்று காற்றைக் கிழித்துக்கொண்டு போனது, அவ்வளவுதான்! புகைக் குழாயில் டர்போவும் வடிகட்டியும் இருந்தன. அவை ஓசையை விழுங்கிவிட்டன. வேகமாகப் போகும்போது டிரைவருக்கே என்ஜின் ஓசை சரியாகக் கேட்காது. கியர் மாற்றும் நேரத்தை விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

அந்தக் கார்தான் ஜெயித்தது. லெ மான் பந்தயத்தில் டீசல் கார் ஜெயித்தது அதுவே முதல் தடவை. ரசிகர்கள் சிலருக்கு மட்டும் பெரிய வருத்தம். "சத்தம் இல்லாமல் என்ன பந்தயம்?" என்றார்கள். மனிதனுக்குச் சத்தம் இருந்தாலும் குறை, இல்லாவிட்டாலும் குறை!

இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் செய்ததுதான் வேடிக்கை. 2012-ல் வந்த ஆடி 'எஸ்.க்யூ.5' என்ற டீசல் காரில் புகைக் குழாயோடு ஒலிபெருக்கி போன்ற ஒரு கருவியை வைத்தார்கள். அது உறுமலைச் சேர்த்துக் கொடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது என்ஜினின் குரல் அல்லவே! என்ஜினுக்கு ஜலதோஷம் பிடித்தாலும் ஒலிபெருக்கி சிங்கம்போல உறுமிக்கொண்டு இருக்கும். காதை நம்பி ஓட்டுபவனுக்கு அதனால் என்ன பயன்? பொம்மைக் குதிரை கனைப்பதற்குச் சமம்.

தெருவில் இருப்பவர் காது

இனி, டிரைவர் சொல்லாமல் விட்ட விஷயம்.

டிரைவர் கேட்கும் ஓசை வேறு. தெருவில் நிற்பவர் கேட்கும் ஓசை வேறு. டிரைவருக்கும் என்ஜினுக்கும் நடுவே இரும்புத் தகடும் கனத்த விரிப்பும் இருக்கின்றன. நடைபாதையில் நிற்கும் கிழவிக்கு அப்படி எதுவும் இல்லை. உள்ளே ரீங்காரமாகக் கேட்பது வெளியே 'கட கட'வாகத்தான் கேட்கும்.

சில இளைஞர்கள் சைலன்சரைக் கழற்றிவிட்டு, "இப்போதுதான் சத்தம் சூப்பர்" என்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அது மட்டும் அல்ல, அவர்கள் காதுக்கே அவர்கள் செய்யும் கேடு. 85 டெசிபல் அளவுள்ள ஓசையை நாள்தோறும் 8 மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால், வருஷங்கள் போகப்போகக் காது மந்தமாகும். காது போனபிறகு எந்தப் பாட்டைக் கேட்பது?

ஓசையோடு புகையும் வருகிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது. வடிகட்டி வைத்த புதிய கார்களில் கரி மிகவும் குறைவு. பழைய வண்டிகளில் அப்படி இல்லை. நாசில் கெட்டுப்போன வண்டி கரும்புகையும் கக்கும், முட்டவும் செய்யும். இரண்டும் ஒரே நோயின் அடையாளங்கள். ஆகவே டிரைவரின் காது நுட்பமாக இருந்தால் தெருவுக்கும் நல்லதுதான்.

பள்ளிக்கூட வாசலில், ஆஸ்பத்திரி வாசலில், ஏ.சி.க்காக என்ஜினை ஓடவிட்டபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் எந்தச் சமாதானமும் சொல்லமுடியாது. அவர்களுக்குத் தாலாட்டாக இருப்பது, மாடி வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்குத் தலையில் சம்மட்டி. வண்டி நின்றால் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தவேண்டும். பாட்டு வேண்டுமானால் ரேடியோ இருக்கிறது!