தோற்ற கதை இருக்கா, பாருங்க!

சென்னைப் புத்தகக் கண்காட்சியில் கும்பல் மொய்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மிளகாய் பஜ்ஜி. இன்னொன்று, 'தலைவனாவது எப்படி' வகைப் புத்தகங்கள். அந்த அலமாரியே கணக்குப் பரீட்சை மாதிரி இருக்கும். 7 பழக்கங்கள், 21 விதிகள், 48 விதிகள்... எண் ஏற ஏறப் பதவியும் ஏறும் போலிருக்கிறது!

அங்கே நிற்பவர்களில் புதிதாக ப்ரமோஷன் வாங்கிய பையன்கள் நிறைய. நேற்று வரை பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து 'மச்சி, டீ சொல்லு' என்றவனை இன்று வேலை வாங்க வேண்டும். அவனோ, "என்னடா, பெரிய ஆபீஸர் ஆயிட்டியா?" என்கிறான். பாவம், புத்தகத்தைத் தேடி ஓடாமல் என்ன செய்வது?

இவர்களுக்காக நாலே நாலு புத்தகம்.

முதலாவது, டேல் கார்னகியின் 'ஹௌ டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுயன்ஸ் பீப்பிள்'. 1936இல் வந்தது. 'அதெல்லாம் பழசு சார்' என்று ஒதுக்காதீர்கள். யாரையும் குற்றம் சொல்லித் திருத்த முடியாது என்று ஆரம்பிக்கிறார். சிகாகோவையே நடுங்க வைத்த அல் கபோன்கூடத் தன்னை ஊருக்கு உபகாரம் செய்தவன் என்றுதான் நினைத்தானாம். அவனே அப்படி என்றால், உங்கள் டெஸ்பாட்ச் கிளார்க் மட்டும் 'ஆமா சார், என் தப்புதான்' என்று உடனே ஒத்துக்கொண்டுவிடுவாரா, என்ன?

இரண்டாவது, பீட்டர் டிரக்கரின் 'தி எஃபெக்டிவ் எக்ஸிக்யூடிவ்'. 1960களின் புத்தகம். மற்றவர்களை மேய்ப்பதற்கு முன்னால் உன் நேரம் எங்கே போகிறது என்று எழுதி வை என்கிறார். ஞாபகத்திலிருந்து அல்ல, அப்போதைக்கப்போதே. ஒரு கம்பெனி சேர்மன் தன் நேரத்தை முக்கிய அதிகாரிகள், பெரிய வாடிக்கையாளர்கள், ஊர்ப் பணி என்று மூன்றாகப் பிரித்துச் செலவழிப்பதாகச் சத்தியம் செய்யாத குறை. குறித்துப் பார்த்தால், மனுஷர் பெரும்பாலும் தெரிந்தவர்களின் ஆர்டர் என்னாச்சு என்று ஃபாக்டரிக்கு போன் போட்டு நச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறார்! நம்ம ஊரிலும் இப்படி எத்தனை சேர்மன்கள்!

மூன்றாவது, எர்னஸ்ட் ஷாக்கிள்டன் எழுதிய 'சவுத்' (1919). அன்டார்டிகாவைக் குறுக்கே கடக்க 1914இல் கிளம்பியவர். 1915 ஜனவரியில் கப்பல் பனியில் சிக்கியது. நவம்பரில் மூழ்கியே போனது. கண்டத்தைக் கடக்கும் கனவைத் தூக்கிப் போட்டார். இனி ஒரே லட்சியம், கூட வந்த 27 பேரையும் வீடு சேர்ப்பது. 22 பேரை எலிஃபன்ட் தீவில் விட்டுவிட்டு, ஐந்து பேரோடு சுமார் 22 அடிப் படகில் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் கடலைத் தாண்டினார். மீட்கப் போய் மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை, 1916 ஆகஸ்ட் 30 அன்று, 22 பேரையும் உயிரோடு மீட்டார். (கண்டத்தின் மறுபக்கம் போன துணைக்குழுவில் மூவர் இறந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

'கப்பலே போயாச்சு, இனிமே உங்க ஆர்டர் எதுக்கு?' என்று முரண்டு பிடித்த தச்சர் மெக்னிஷையும் ஷாக்கிள்டன் அந்தச் சின்னப் படகில் தன்னோடு ஏற்றிக்கொண்டார். தகராறு பண்ணுகிற ஆளை டிரான்ஸ்ஃபர் செய்யாமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது லேசுப்பட்ட வித்தை இல்லை. ஆனால் ஊர் திரும்பியதும் மெக்னிஷுக்குப் போலார் மெடல் சிபாரிசு செய்யவில்லை. பெரிய தலைவருக்கும் சின்ன மனசு உண்டு!

நாலாவது, அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' (1999). 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. ஆய்வுக் கூட்டத்தில் ஆளாளுக்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்ல, கலாம் எழுந்து பொறுப்பு தன்னுடையது என்கிறார். அவருக்கும் மேலே இருந்த சதீஷ் தவான் அந்தத் தோல்வியைப் பத்திரிகைக்காரர்கள் முன் தன் தலையில் போட்டுக்கொண்டார். 1980 ஜூலை 18இல் ஜெயித்தபோதோ, 'நீங்க போய்ப் பேசுங்க' என்று கலாமை அனுப்பிவிட்டார். இதைக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பழியைப் பிடுங்கிக்கொள்ளப் போட்டி! எந்த ஆபீஸில் பார்த்திருக்கிறீர்கள்?

ஆகவே, புத்தகம் வாங்குமுன் அட்டையைப் பார்க்காதீர்கள். உள்ளே காரியம் கெட்டுப்போன பக்கம் ஒன்றாவது இருக்கிறதா? அந்தப் பக்கத்தில் 'நான்' என்று யார் சொல்கிறார்? அப்படிப் பக்கமே இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிட்டு பஜ்ஜி சாப்பிடப் போகலாம்.

ஏனென்றால் திங்கட்கிழமை மீட்டிங்கில், "இந்த ஸ்டேட்மென்ட்டை யார்யா போட்டது?" என்று ஜி.எம். கத்துவார். சேர்ந்து ஆறே மாதமான பையன் மூலையில் வேர்த்துக்கொண்டிருப்பான். "என் செக்‌ஷன் சார். நான் பார்த்திருக்கணும்" என்று சொல்ல உங்களுக்கு இரண்டு விநாடிதான் அவகாசம். சொன்னால் இன்க்ரிமென்ட் அடிபடலாம். அது நிஜமான நஷ்டம்தான், சமாதானம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அந்தப் பையன் நாளையிலிருந்து எல்லாத் தப்பையும் உங்களிடம் மறைப்பான்.

எந்தக் கணக்கு லாபம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்!