புகைக்கும் ஊர் உண்டு, சேரி உண்டு

‘காத்து எல்லாருக்கும் பொது’ என்கிறார்கள் சுற்றுச்சூழல் பேசும் கனவான்கள். குளம் பொதுவாக இருந்ததில்லை. சுடுகாடு இன்றைக்கும் பொதுவாக இல்லை. காற்று மட்டும் எப்படிப் பொதுவாகும்?

குப்பையைப் போடுகிறவர் ஒருவர். கொளுத்துகிறவர் வேறொருவர். கொளுத்தச் சொல்கிறவர் அந்தப் பக்கமே வருவதில்லை. நான் வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். மாசம் பொறந்தா சம்பளம் எடுக்க வருகிற ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் பெரும்பாலும் நம்ம சனம். கைநாட்டு வைப்பதற்குள் நாலு தடவை இருமுகிற ஒரு அக்கா சொன்னார்: “வண்டி வரலைன்னா கொளுத்திட்டுப் போம்பாரு மேஸ்திரி. கொளுத்தலைன்னா வேலை போவும். கொளுத்துனா தெருக்காரங்க திட்டுவாங்க.”

சட்டம் இல்லாமல் இல்லை. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. அபராதம் 5,000 ரூபாய். பெருமளவில் எரித்தால் 25,000. தீக்குச்சி கிழித்த கை மாட்டிக்கொள்ளும். வண்டி அனுப்பாத கைக்கு எவ்வளவு அபராதம்?

அந்தப் புகையில் என்ன இருக்கிறது? போதிய காற்று இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கனலும் குவியல் முழுசாக எரிவதில்லை. அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கி ஆளையே முடித்துவிடும். பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் வரும், புற்றுநோய் தரும். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழுமான துகள், தலைமுடித் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் இராது. அது நுரையீரலின் அடிவரை போகும். மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும். மூக்கில் கட்டிய துண்டுத் துணியா இதைத் தடுக்கும்?

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சின்ன வயசிலேயே லண்டன் வீடுகளின் புகைபோக்கிக்குள் இறக்கப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்குப் பின்னாளில் விதைப்பையில் புற்று வந்தது. காரணம் அந்தக் கரிதான் என்று 1775இலேயே எழுதினார் பெர்சிவல் பாட் என்கிற அறுவை மருத்துவர். 250 வருஷமாகத் தெரிந்த உண்மை. தெரிந்தும் யாரைக் கரிக்குள் இறக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால் பழைய டயரைப் போட்டுப் பிணம் எரிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் கழியோடு நிற்கிற நம்ம சித்தப்பன் பெரியப்பன் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்று யார் அளந்தது? 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. செய்தியானது. தினம் சேரி முனையில் புகைகிற குவியல் செய்தி இல்லை, அது ‘வழக்கம்’.

நம்மைத் தீட்டு என்றவர்கள்தான் தங்கள் வீட்டு அழுக்கை நம் கையால் எரிக்க வைத்து நம் நுரையீரலுக்குள் அனுப்புகிறார்கள். உண்மையான தீட்டு இதுதான். அது மேலேயிருந்து கீழே வருகிறது. இதற்கு ‘மாசு’ என்று சாதியில்லாத ஒரு பெயர் வைத்துக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். மதியம் சாப்பாடும் உண்டு.

1927இல் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார் அண்ணல். அது தாகத்துக்காக மட்டுமா? மனுசன் என்கிற உரிமைக்காக. மூச்சும் அந்த உரிமைதான்.

மாணவத் தோழர்களே, முகமூடி விநியோகத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரில் எங்கே எரிகிறது, யார் எரிக்கிறார், யார் எரிக்கச் சொன்னார் என்று தேதி போட்டு எழுதுங்கள். கொளுத்தச் சொன்ன அதிகாரி மேல் நடவடிக்கை, எரிக்க மறுக்கிறவருக்கு வேலைப் பாதுகாப்பு, துப்புரவு, மயானத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை, நோய் வந்தால் தொழில்நோய் என்று இழப்பீடு கேளுங்கள். கெஞ்சிக் கேட்க வேண்டாம். நமக்கு வர வேண்டிய பாக்கி இது.