எழுதிக் கொடுப்பதுதான் கௌரவமா?

நாற்பத்தைந்து வயதில் பக்கவாதம் கண்ட ஒரு குமாஸ்தாவைப் பற்றியோ, சர்க்கரை முற்றிக் கால் விரல்களை இழந்த ஒரு பஸ் கண்டக்டரைப் பற்றியோ, கரும்பலகையில் தாம் எழுதியதையே வாசிக்க முடியாதபடி பார்வை மங்கிப்போன ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றியோ பேச்சு எழும்போது, படித்தவர் படியாதவர் என்ற பேதமில்லாமல் நம்மவர் எல்லோர் வாயிலிருந்தும் தவறாமல் வந்துவிழும் வாக்கியம் ஒன்று உண்டு: “பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதானே?” சொல்லுகிறவர் விரோதத்தினால் சொல்லுவதில்லை, அநுதாபத்தோடுதான் சொல்லுகிறார். வியாதி வந்தவன் தானாக ஒதுங்கிக்கொள்வதே மானமுள்ளவன் செய்கை, அப்படி ஒதுங்காதவன் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறபடியால், நோயாளியும் அதையே நம்பி, மற்றவர்கள் சொல்லுவதற்கு முன்னால் தாமே காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இந்த நம்பிக்கை தர்மத்துக்கும் பொருந்தாது, சட்டத்துக்கும் பொருந்தாது என்பதே என் கட்சி.

மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு அலுவலகத்தில் நான் நேரில் பார்த்ததைச் சொல்லுகிறேன். அங்கே தட்டச்சராக இருந்தவருக்கு நடுக்குவாதம். ஐம்பது வயது நிறையவில்லை. விரல்கள் அவர் வசத்தில் இல்லாமையால், விண்ணப்பத்தை அவருடைய மைத்துனர் எழுத, கண்காணிப்பாளர் வாசகம் சொல்லிக்கொண்டிருந்தார். “உடல்நலக் குறைவு காரணமாக” என்று மைத்துனர் எழுதி முடித்ததும், “அதுக்கப்புறம் ‘எனது சுய விருப்பத்தின் பேரில்’னு சேர்த்துக்கோங்க சார், அப்பத்தான் ஃபைல் சீக்கிரம் நகரும்” என்றார் கண்காணிப்பாளர். அவரும் கெட்ட மனிதர் அல்லர்; காபி வாங்கி வரச் சொன்னவரும் அவர்தாம். கடைசியில் தட்டச்சர் கையெழுத்திட்டபோது, அது நெளிந்து கோடு தாண்டிப் போயிற்று. “சர்வீஸ் ரிஜிஸ்டர்ல இருக்கிற கையெழுத்து மாதிரியே போடுங்க சார், இல்லேன்னா கணக்காயர் ஆபீஸ்ல திருப்பிடுவாங்க” என்று சொல்லி இன்னொரு காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட முடியாத வியாதிக்காக வேலையை விடுகிற மனிதரிடம், வியாதிக்கு முன்னிருந்த கையெழுத்தைக் கேட்ட அந்தக் காட்சியின் அபத்தம் அங்கிருந்த ஒருவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

கையெழுத்தைவிடப் பெரிய விபரீதம் அந்தச் ‘சுய விருப்ப’த்தில் இருந்தது. எழுதிக் கொடுப்பது என்று நாம் பொதுவில் சொல்லிவிடுகிற காரியம் உண்மையில் ஒன்றல்ல. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால், அதுவரை செய்த சேவை முழுவதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துபோம். தமிழக அரசு ஊழியர் ஐம்பது வயதோ இருபது வருடத் தகுதிச் சேவையோ முடித்தபின் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகினால், அது விருப்ப ஓய்வு. அதற்கு நோயும் வேண்டாம், வைத்தியரும் வேண்டாம். மருத்துவக் குழுவின் முன் நின்று, இனி இந்த வேலைக்கு நிரந்தரமாகத் தகுதியில்லை என்று சான்று பெற்று விலகுவதுதான் இயலாமை ஓய்வு. அதற்கென்று தனி ஓய்வூதியம் 1978ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் சொல்லப்பட்டிருக்கிறது. இம்மூன்றின் பலன்களும் வெவ்வேறு. நோயினால் போகிறவரை விருப்பத்தினால் போகிறவராக்கிக் காகிதத்தில் காட்டிவிட்டால், மருத்துவக் குழுவும் இல்லை, குடும்பத்தாருக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்க வழியும் இல்லை. ஃபைல் மாத்திரம் சீக்கிரம் நகரும்.

ஆனால் எந்தக் காகிதத்தில் எழுதுவது என்பது பிந்திய கேள்வி. எழுதத்தான் வேண்டுமா என்பதே முந்திய கேள்வி. இதற்கு நம் நாட்டுச் சட்டம் 1995ஆம் வருடத்திலேயே விடை சொல்லிவிட்டது. அவ்வருடத்து ஊனமுற்றோர் சட்டத்தின் 47ஆம் பிரிவும், அதன் ஸ்தானத்தில் வந்த 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் தெளிவாகக் கூறுவது இது: பணியில் இருக்கும்போது ஊனம் அடைந்த ஊழியரை அரசு ஸ்தாபனம் எதுவும் வேலையினின்று நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பார்த்துவந்த வேலைக்கு அவர் உதவமாட்டாரானால், அதே சம்பளமும் அதே பலன்களும் உள்ள வேறொரு வேலைக்கு அவரை மாற்ற வேண்டும், அப்படி ஒரு வேலை காலியில்லையானால், அது கிடைக்கும் வரையிலோ அவர் ஓய்வு வயதை எட்டும் வரையிலோ ஓர் உபரிப் பணியிடத்தை உண்டாக்கி அதில் அவரை வைத்திருக்க வேண்டும். நடுக்குவாதம் 2016ஆம் வருடத்துச் சட்டத்தின் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தத் தட்டச்சரின் விஷயத்தில் முதலில் பேனா எடுத்திருக்க வேண்டியவர் அவருடைய மைத்துனர் அல்லர், அலுவலகத் தலைவர்.

‘அவரே கேட்டாரே, நாங்களா போகச் சொன்னோம்?’ என்பார்கள். இதே வாதத்தைப் பஞ்சாப் மின்வாரியம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் கொண்டுபோய்ப் பார்த்தது. அவ்வாரியத்தின் உதவி லைன்மேன் ஒருவர் 1994 ஜனவரியில் இரு கண்களின் பார்வையையும் முற்றிலும் இழந்தார். 1996இல், தமக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தம் மனைவிக்கு ஏதாவது தகுந்த வேலை தரும்படி கடிதம் எழுதினார். சட்டம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அமலுக்கு வந்திருந்தது. கடைநிலை ஊழியராகிய அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. வாரியமோ, ஓய்வுக்கு அவரே சம்மதித்துவிட்டார் என்று அக்கடிதத்தையே தனக்குச் சாட்சியாக்கி, 1999இல் உத்தரவு போட்டு, அதையும் அவர் கண்ணிழந்த நாள் முதல் அமலாகும்படி பின்தேதியிட்டு, அவரைக் கணக்குத் தீர்த்தது. 2008இல் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, தம் உரிமையை அறியாத, திடீரென்று இருட்டில் விழுந்த ஒரு மனிதன் எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாகாது என்றும், சட்டம் அவருக்கு என்ன பாதுகாப்பு அளிக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுவதே அதிகாரிகளின் கடமையாயிருந்தது என்றும் கூறி, அவர் தொடர்ந்து பணியில் இருந்தவராகவே பாவிக்கப்பட வேண்டுமென்று உத்தரவிட்டது. மகா ஜனங்கள் கௌரவம் என்று கொண்டாடுகிற அந்த எழுதிக் கொடுத்தலுக்கு நாட்டின் உச்ச நியாயஸ்தலம் கொடுத்த மதிப்பு இவ்வளவுதான். இதற்கும் ஐந்து வருடம் முன்னே, 2003இல், காலை இழந்து இயலாமை ஓய்வூதியத்தோடு அனுப்பப்பட்ட ஒரு கான்ஸ்டபிளின் வழக்கிலும், ஓய்வூதியம் கொடுத்துவிட்டதனால் வேலை கொடுக்கும் கடமை தீர்ந்துவிடாது என்று அதே நியாயஸ்தலம் சொல்லியிருந்தது. நம் மதுரைக்கே வந்தால், நிறக்குருடு என்று விலக்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர் ஒருவருக்கு மாற்று வேலை கொடுக்க வேண்டுமென்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

இவையெல்லாம் புதுக் காலத்துச் சட்டத்தின் தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். 1972ஆம் வருடத்து மத்திய அரசு ஓய்வூதிய விதிகளில் இயலாமைச் சான்றுக்கென்று ஒரு படிவம் இருந்தது. முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாதவர் என்று வைத்தியர் எழுதுவதற்கு அதில் இடம் உண்டு. அதற்கு அடுத்தாற்போலவே, இதைவிடச் சிரமம் குறைந்த வேலைக்குத் தகுதியுள்ளவர் என்றோ, இத்தனை மாதம் ஓய்வெடுத்தபின் அத்தகைய வேலைக்குத் தகுதியாகலாம் என்றோ எழுதுவதற்கும் இடம் உண்டு. பழைய நிர்வாகம் நோயாளியின் மேல் பிரமாதமான கருணை கொண்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுவுங்கூட, மனிதன் ஒரே நாளில் முழுதும் உதவாதவனாகிவிடுகிறான் என்று நம்பவில்லை. நாம்தான் நம்புகிறோம்.

ரெயில்வேயைப் பாருங்கள். அங்கே இஞ்சின் டிரைவரின் பார்வைக்கு விதித்திருக்கிற தரம் மிகக் கடுமையானது. அதில் அவர் தவறினால் மறுநாள் இஞ்சினில் ஏற முடியாது. ஆனால் வீட்டுக்கும் அனுப்பப்படுவதில்லை. மருத்துவத் தகுதியில் வகை இறக்கப்பட்ட ஊழியரை எந்த வேலையில் அமர்த்தலாம் என்று பார்க்க ஒரு குழு, அதுவரை அவரை வைத்துக்கொள்ள ஓர் உபரிப் பணியிடம், இவற்றுக்கென்று ரெயில்வே விதித்தொகுப்பில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. லட்சக்கணக்கான பேரை வைத்துக்கொண்டு ரெயில் ஓட்டுகிற ஸ்தாபனத்தில் நடக்கிற காரியம், முப்பது பேர் உள்ள ஒரு தாலுகா ஆபீஸில் நடக்காதென்பது சோம்பலேயன்றி வேறில்லை.

“பையனுக்காவது அந்த வேலை கிடைக்குமே” என்ற ஆசை இந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. கருணை நியமனம் சொத்துப் போலத் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது என்று நினைத்து, இன்னும் பத்து வருடம் சம்பளம் வாங்கக்கூடிய தகப்பனை, கல்லூரி வாசலைக்கூடத் தாண்டாத பையனுக்காக வீட்டில் உட்காரவைத்த குடும்பங்களை நான் அறிவேன். கருணை நியமனம் எவருக்கும் சாசுவதமான உரிமையல்ல, திடீரென்று வந்த நெருக்கடியைக் குடும்பம் தாண்டுவதற்கான உதவி மாத்திரமே என்று 1994இலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. மத்திய அரசில் நேரடி நியமனத்துக்குரிய காலியிடங்களில் நூற்றுக்கு 5 தான் அதற்கென்று ஒதுக்கம். தகப்பனுடைய சம்பளம் நின்றுபோக, மகனுடைய விண்ணப்பம் வரிசையில் நிற்க, இரண்டுங்கெட்டு வருடங்கள் கழிகின்றன.

சக ஊழியர்களின் மனத்தாங்கலை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒருவர் செய்யாத வேலை இன்னொருவர் மேஜையில்தான் வந்து குவிகிறது. மாலை ஆறரைக்கும் வீடு போக முடியாதவருக்குக் கோபம் வருவது சகஜம். அந்தக் கோபம் நோயாளியின்மேல் பாய்வதுதான் அநியாயம். அவருக்கு ஏற்ற வேலையைக் கொடுத்து, அவர் விட்ட இடத்துக்கு ஆள் போடாத மேலிடம் ஒருபுறம் சுகமாக உட்கார்ந்திருக்க, பக்கத்து நாற்காலிக்காரரின் நடுங்கும் கையைப் பார்த்து முணுமுணுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

தனியார் கம்பெனிகளில் நிலைமை இன்னும் மோசம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். தொடர்ந்த நோயினால் ஒருவரை நீக்குவது ஆட்குறைப்பு ஆகாது என்று 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறுச் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. அங்கேயும் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவதைப்போல நஷ்டமான செய்கை இல்லை. கிராஜுவிட்டிக்கு 5 வருட சேவை வேண்டும் என்ற நிபந்தனையை, நோயினாலோ விபத்தினாலோ வேலை செய்ய இயலாமற் போனவருக்குக் கேட்கக்கூடாதென்று 1972ஆம் வருடத்துச் சட்டம் பிறக்கும்போதே விதித்தது. பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில், முழுமையான நிரந்தர இயலாமைக்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் ஓய்வூதியம் உண்டு. காகிதத்தில் நோயை மறைத்துச் சொந்தக் காரணமென்று நாசூக்காக எழுதினவர், இவற்றைத் தம் கையாலேயே அடித்துவிடுகிறார்.

சட்டத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. 2016ஆம் வருடத்துப் பட்டியலில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. அவற்றுள் புற்றுநோயோ, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகவேண்டிய சிறுநீரகக் கோளாறோ பெயர் சொல்லிக் காணப்படவில்லை. தமிழக அரசில் 1-4-2003 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்புத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டவர்களாதலால், பழைய விதிகளின் இயலாமை ஓய்வூதியத்தை நம்பி அவர்களை யாரும் எழுதிக் கொடுக்கச் சொல்லவே கூடாது. ஊழியர் சங்கங்கள் அகவிலைப்படிக்குக் கொடி பிடிக்கிற உற்சாகத்தில் பாதியை இந்த இரண்டு விஷயங்களுக்குச் செலவிட்டால் புண்ணியம் உண்டு.

மெய்யாகவே இனி முடியாது, போதும் என்று தீர்மானித்தவர் போகட்டும். அவரைத் தடுக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் அவர் எழுதுகிற முதல் விண்ணப்பம் ஓய்வு கேட்பதாக இருக்கவேண்டாம். தம் உடல்நிலையை விவரித்து, மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு அனுப்பும்படியும், இயன்ற மாற்று வேலை எது என்று எழுத்தில் தெரிவிக்கும்படியும் கேட்டு, தக்க வழியாக அனுப்பி, நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மேலிடம் அதற்கு எழுத்தில் பதில் சொல்லும் வரையில், சுய விருப்பம் என்ற இரண்டு வார்த்தைகளையும் எந்தக் காகிதத்திலும் யார் சொன்னாலும் எழுத வேண்டாம்.